இன்ஹேலர் அடித்தால் படபடப்பு: அதற்கு மாத்திரை போடலாமா?

முதலில் அந்த ப்ராப்ரனலால் மாத்திரையை நிறுத்துங்கள். இதயம், ஸ்டீராய்டு, மஞ்சள் பால் பற்றிய உங்கள் மற்ற கேள்விகள் எல்லாம் பிறகு.

இவ்வளவு நீளமான கடிதத்தில் முக்கியமான விஷயத்தை நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள். பெங்களூருவில் வேலை பார்க்கும் உங்களுக்கு ஆஸ்துமா; இழுப்பு வந்தால் மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரை அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. இணையத்தில் தேடிவிட்டு, தம்பி மைக்ரேனுக்குச் சாப்பிடும் ப்ராப்ரனலால் 40 மில்லிகிராம் மாத்திரையை நான்கு நாளாகப் போடுகிறீர்கள். படபடப்பு அடங்கிவிட்டது. ஆனால் இப்போது நாலு பஃப் அடித்தாலும் இழுப்பு இறங்கவில்லை, இன்ஹேலருக்கு உடம்பு பழகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். நான் முதலில் சந்தேகிப்பது அந்த மாத்திரையைத்தான்.

உடம்பில் மருந்து வந்து ஒட்டும் இடங்களை ஏற்பி என்கிறோம். தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பீட்டா ஏற்பிகளில் பீட்டா-1 பெரும்பாலும் இதயத்தில் இருக்கிறது. பீட்டா-2 மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையில் இருக்கிறது. சால்பூட்டமால் பீட்டா-2 ஏற்பியில் உட்கார்ந்து அந்தத் தசையைத் தளர்த்துகிறது. ப்ராப்ரனலால் இரண்டையும் அடைத்துவிடும். துண்டு போட்டுப் பிடித்த பஸ் சீட் மாதிரி, பின்னால் வரும் சால்பூட்டமாலுக்கு இடம் கிடைக்காது. ஆஸ்துமா இல்லாதவருக்கு இதனால் மூச்சில் பெரிய மாற்றம் தெரியாது. உங்களுக்கு மூச்சுக்குழாய் இறுகும், இறுகியதைத் திறக்க வேண்டிய மருந்தும் சரியாக வேலை செய்யாது. உங்கள் மாதிரி நான்கு நாள் போட்டவர் உடனே நிறுத்தலாம். தம்பி போல நீண்ட நாளாகச் சாப்பிடுபவர்கள் தாங்களாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே வகை. ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் நோயைக் கண் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இதைப் படிக்கும்போதும் இழுப்பு இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வைத்து, ஒவ்வொரு பஃப்பாக, நான்கு பஃப் எடுங்கள். 20 நிமிடத்தில் இறங்காவிட்டால் மறுபடி நான்கு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, அல்லது திணறல் இருக்கும்போதே 'வீஸ்' சத்தம் மட்டும் அடங்கிவிட்டது என்றால் காத்திருக்கவே கூடாது, 108. பெங்களூரு நெரிசலில் தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகும் வேலை வேண்டாம். மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டியது 'ப்ராப்ரனலால் சாப்பிட்டிருக்கிறேன்' என்பதை. தெரிந்தால் மூச்சுக்குழாயைத் திறக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோபியத்தையும் நெபுலைசரில் சேர்ப்பார்கள். அது மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பி வழியாக வேலை செய்வதால் பீட்டா அடைப்பு அதைத் தடுக்காது.

மற்ற பயங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கை நடுக்கம், கைத் தசையிலும் பீட்டா-2 இருப்பதால் வருவது; சில மணி நேரத்தில் போய்விடும். பஃப் எடுத்த பிறகு சிறிது நேரம் வரும் படபடப்பால் இதயம் கெட்டுவிடாது. நெஞ்சு வலியோ மயக்கமோ சேர்ந்து வந்தால் மட்டும் ஈ.சி.ஜி. எடுங்கள். மஞ்சள் பால் பிடித்தால் குடியுங்கள், அதை ஆஸ்துமா மருந்தாக நினைக்காதீர்கள். பார்த்தீனியம் செடி, கட்டட வேலைத் தூசி எல்லாம் இழுப்பைக் கிளப்பும்தான். அதற்காக வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு: மாதம் ஒரு சால்பூட்டமால் டப்பா தீர்கிறது என்கிறீர்கள். 200 பஃப், அதாவது நாளுக்கு ஆறேழு. வருஷத்துக்கு மூன்று டப்பா தாண்டினாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். சால்பூட்டமால் தசையைத் தளர்த்துமே தவிர, உள்சுவரின் வீக்கத்தையும் சளியையும், அதாவது அழற்சியை, தொடாது. நாலைந்து மணி நேரம் நிம்மதி கிடைப்பதால் நோய் அடங்கியது போலத் தோன்றுகிறது. அதனால்தான் 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி, சால்பூட்டமாலை மட்டும் தனியாக வைத்துக் காலம் தள்ளும் முறையைப் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் தவிர்த்துவரும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அழற்சிக்கு மருந்து. நாளுக்கு 400 மைக்ரோகிராம் பியூடசோனைடு (இன்ஹேலரில் வரும் ஸ்டீராய்டு) என்பது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. கடுமையான இழுப்பில் வாய்வழி தரும் பிரட்னிசோலோன் நாளுக்கு 40-50 மில்லிகிராம் வரை போகும். இரண்டையும் ஒன்றாக்கி 'உடம்பு ஊதிவிடும்' என்று வீடியோ போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. மூச்சுக்குழாயில் பீட்டா-2 ஏற்பிகள் குறையாமல் காப்பதிலும் ஸ்டீராய்டுக்குப் பங்கு உண்டு. பலன் முழுதாகத் தெரியச் சில வாரம் ஆகும். மூன்றாம் நாளே 'கேட்கவில்லை' என்று விடாதீர்கள். எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாய்ப்புண் வரும்.

நுரையீரல் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள். பியூடசோனைடும் மூச்சுக்குழாயை நீண்ட நேரம் திறந்து வைக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலர் உங்களுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். போகும்போது இப்போதைய இன்ஹேலரைக் கொண்டுபோய் அவர் முன்னால் ஒரு பஃப் அடித்துக் காட்டுங்கள்: குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, இன்ஹேலரின் வாய்ப்பகுதியை உதடுகளால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுத்து, பத்து வினாடி அடக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும்.