சேலத்தில் இன்ஜினியரிங் நாலாவது செமஸ்டர், சிஜிபிஏ 8.3. ஹானர்ஸ் எடுக்கலாமா?

ஹானர்ஸ் என்பது வழக்கமான பாடங்களோடு கூடுதல் பேப்பர் படித்து, பட்டத்திலேயே அந்த வார்த்தையை வாங்குவது. 8.3 இருந்தால் சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்குமான சராசரி) பற்றிக் கவலையே வேண்டாம், கேட்பது 7.5தான். நீங்கள் சொல்லாமல் விட்டது வேறு: முதல் மூன்று செமஸ்டரில் ஏதாவது அரியர் விழுந்ததா? அப்புறம் எழுதி கிளியர் செய்திருந்தாலும் போச்சு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி (உங்களுக்கும் அதுதான் என்று வைத்துச் சொல்கிறேன்) எல்லாப் பேப்பரும் முதல் முயற்சியிலேயே பாஸாக வேண்டும். அதோடு கூடுதலாக 18 கிரெடிட். மூன்று கிரெடிட் பேப்பராக எடுத்தால் ஆறு, ஐந்தாவது செமஸ்டரில் தொடங்கலாம்.

நான் படித்தது இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்). விஷயத்தைச் சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "இதுக்குத் தனியா பீஸ் கட்டணுமா கண்ணு?" கொலுசுப் பட்டறைக்காரர், அப்படித்தான் கேட்பார்.

ஐந்தாவது செமஸ்டரில் இரண்டு பேப்பர் கூடுதலாக எடுத்தேன். கிளாஸ் முடிவதற்குள் காலேஜ் பஸ் போயிருக்கும், டவுன் பஸ் பிடித்து வீடு சேர ஏழரை ஆகும். அந்த இரண்டிலும் நல்ல கிரேடு. விழுந்தது எல்லாரும் எழுதுகிற டிரான்ஸ்மிஷன் லைன்ஸில். ஸ்டப் மேட்சிங் கணக்கு, அதாவது சிக்னல் திரும்பி வராமலிருக்க ஒரு சின்னத் துண்டு லைனை எங்கே, எவ்வளவு நீளத்தில் சேர்ப்பது என்று கண்டுபிடிப்பது. ஸ்மித் சார்ட் என்ற வட்ட வரைபடத்தில் இம்பீடன்ஸை (ஏசி மின்னோட்டத்துக்கான தடை) குறித்ததும் நேர் எதிர்ப்பக்கம் போய் அட்மிட்டன்ஸாக (அதன் தலைகீழ்) மாற்றிக்கொள்ள வேண்டும். அதை மறந்து காம்பஸைச் சுற்றிவிட்டேன். பாதியில் உறைத்து, ரப்பரால் அழித்ததில் சார்ட்டே கிழிந்தது. மிச்ச நேரமும் பதற்றத்தில் போயிற்று.

ரிசல்ட் வந்தபோது அஞ்சு ரோடு பக்கம் தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தோம். போனில் 'யு', அதாவது பெயில். கூட வந்தவன் என் தட்டையும் காலி செய்துவிட்டு, "சரி விடு மச்சான்" என்றான்.

ஹானர்ஸ் போனாலும் அந்த இரண்டு பேப்பர் வீணாகவில்லை. பின்னால் எடுக்க வேண்டிய எலெக்டிவ் கணக்கில் சேர்ந்துவிட்டன. இன்டர்வியூவிலும் ஹானர்ஸ் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, அந்தப் பேப்பர் ஒன்றைத்தான் பத்து நிமிஷம் குடைந்தார்கள்.

அதனால் பாடம் பிடித்திருந்தால் எடுங்கள், பட்டத்தில் அந்த வார்த்தை வர வேண்டும் என்பதற்காக மட்டும் வேண்டாம். அதற்கு முன் ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவர்) எந்தெந்த பேப்பரை நடத்த ஆள் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். சிலபஸில் இருந்த பாதி எங்கள் காலேஜில் நடக்கவே இல்லை.