பேஜ்மேக்கர் திறக்குது, தமிழ் மட்டும் வரல!

கம்ப்யூட்டர் கேள்வி பதில்

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் நின்னுபோச்சுல்ல, அதுக்கப்புறம் நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷினை தூக்கிப் போட மனசு வராம விண்டோஸுக்கு பதிலா போடற லினக்ஸ் மின்ட்ங்கற இலவச சிஸ்டத்துக்கு மாறினவங்க கிட்ட இருந்துதான் இப்போ நிறைய கடிதம் வருது. சிஸ்டம் ஜோரா ஓடுது, இத்தனை வருஷமா சோறு போட்ட சாஃப்ட்வேர்தான் மக்கர் பண்ணுதுங்கறாங்க. இந்த தடவை முழுக்க அதைத்தான் எடுத்துக்கிட்டேன்.

சிவகாசி வாசகி: 20 வருஷமா வீட்டுலயே டிடிபி வேலை பண்றேன் சார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் கொடை அழைப்பிதழ் எல்லாமே பக்கம் வடிவமைக்கற பேஜ்மேக்கர் 7லதான். தம்பி பையன் லினக்ஸ் மின்ட் போட்டு, விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டற வைன்ங்கற சாஃப்ட்வேர்ல பேஜ்மேக்கரை ஏத்திக் கொடுத்தான். திறக்குது, ஆனா பழைய ஃபைல் பூரா இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் செமிகோலனுமா தெரியுது. புதுசா தமிழ்ல அடிச்சா கேள்விக்குறியா விழுது. ஃபைல் எல்லாம் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகலம்மா, முதல்ல அந்த பயத்தை விடுங்க. நீங்க பாக்கறதுதான் அந்த ஃபைலுக்குள்ள எப்பவுமே இருந்தது. பாமினி ஃபான்ட்ல "தமிழ்"னு அடிச்சீங்கன்னா கம்ப்யூட்டர் எழுதி வெச்சுக்கறது ஜே, கே, பி, ஓ, செமிகோலன், அவ்வளவுதான். ஜே இருக்கற இடத்துல த படத்தையும், கே இருக்கற இடத்துல ம படத்தையும், பிக்கு மேல்விலங்கையும், ஓவுக்கு ழ-வையும், செமிகோலனுக்கு புள்ளியையும் வரைஞ்சு காட்டறது ஃபான்ட்டோட வேலை. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கற யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி வந்த தமிழ் ஃபான்ட் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான், எந்த எழுத்து எந்த இடத்துலங்கறது மட்டும் ஃபான்ட்டுக்கு ஃபான்ட் மாறும். தம்பி பையன் சாஃப்ட்வேரை ஏத்தினவர் ஃபான்ட்டை ஏத்தல, அதான் உள்ள இருந்தது அப்படியே வெளிய தெரியுது.

பழைய மெஷினோட ஹார்டு டிஸ்க் இருந்தா அதுல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல உங்க தமிழ் ஃபான்ட் எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. மின்ட்ல ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல் ஹெச் அழுத்தினா மறைஞ்சிருக்கற ஃபோல்டர் எல்லாம் தெரியும், பேருக்கு முன்னாடி புள்ளி வெச்சு வைன்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள டிரைவ் சி, அதுக்குள்ள விண்டோஸ், அதுக்குள்ள ஃபான்ட்ஸ், அங்க கொண்டுபோய் ஒட்டிட்டு பேஜ்மேக்கரை மூடித் திறங்க. ஃபான்ட் பேர் பழைய ஃபைல்ல இருந்த பேரேதானான்னு பாத்துக்கோங்க, ஒரு எழுத்து மாறினாலும் பேஜ்மேக்கர் அதை வேற ஃபான்ட்டுன்னு நினைச்சுக்கும்.

அடுத்தது கேள்விக்குறி. மின்ட்ல ஐபஸ்ங்கற கீபோர்டு மாத்தற வசதி மூலமா தமிழ் கீபோர்டு வெச்சிருப்பீங்க, அது அனுப்பறது யூனிகோடு எழுத்து. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது, தெரியாத எழுத்துக்கு அது போடறது கேள்விக்குறி. அதனால பேஜ்மேக்கர்ல உக்காரும்போது கீபோர்டை இங்கிலீஷுக்கு மாத்திட்டு, ஃபான்ட்டை பாமினிக்கு வெச்சுட்டு நேரா அடிங்க. பாமினி பழைய டைப்ரைட்டர் வரிசைங்கறதால "யளனக"ன்னு விரல் பழகினவங்களுக்கு தனியா எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். தமிழ்99ங்கற கீபோர்டு வரிசைல அடிச்சுப் பழகினவங்களுக்குத்தான் சிக்கல், ஏன்னா விண்டோஸ்ல கீபோர்டை நடுவுல பிடிச்சு மாத்திக் கொடுத்த சாஃப்ட்வேர் வைனுக்குள்ள அதே மாதிரி வேலை செய்யும்னு நம்ப முடியாது. அப்படி இருந்தா யூனிகோடுல லிப்ரேஆபீஸ்ங்கற ஆபீஸ் சாஃப்ட்வேர்லயே அடிச்சு, எழுத்து முறையை மாத்தித் தர்ற கன்வெர்ட்டர்ல போட்டு உங்க ஃபான்ட்டுக்கு மாத்தி, பேஜ்மேக்கர்ல ஒட்டிக்கறது கொஞ்சம் சுத்துவழிதான், ஆனா நம்பிக்கையான வழி.

இங்க வைனைப் பத்தி ஒரு விஷயம் சொல்லியாகணும், இது புரிஞ்சா பாதி பிரச்சனையை நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. வைனுக்குள்ள விண்டோஸ் கிடையாது. புரோகிராம் விண்டோஸ் கிட்ட "இந்த ஃபைலைத் திற, இந்த ஃபான்ட்டைக் கொடு, இங்க ஒரு கோடு போடு"ன்னு கேக்கும்ல, அந்த கேள்வியை வைன் வாங்கி லினக்ஸ் கிட்ட கேட்டு பதில் வாங்கித் தருது. 1993ல ஆரம்பிச்ச வேலை, 1.0ங்கற நம்பரை அடைய 2008 ஜூன் ஆயிடுச்சு, 15 வருஷம்! விண்டோஸ் உள்ளுக்குள்ள எப்படி நடந்துக்குதுன்னு வெளியிலிருந்தே ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து எழுதின உழைப்பு அது, எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை. ஆனா உங்க புரோகிராம் விண்டோஸ் கிட்ட பேசற வரைக்கும்தான் வைன் உதவும். விண்டோஸைத் தாண்டி நேரா ஹார்டுவேர் கிட்ட போச்சுன்னா வைன் அங்க நிக்காது.

இன்னும் ஒண்ணு, மறக்காம செய்ங்கம்மா. எனக்குத் தெரிஞ்ச ஒரு அச்சகத்துல 2 ஹார்டு டிஸ்க் அடுத்தடுத்து போய் பல வருஷத்து வேலை மொத்தமா போச்சு, அந்த மனுஷர் அன்னைக்கு உக்காந்திருந்த கோலம் இன்னும் கண்ணுல நிக்குது. பேஜ்மேக்கர் ஓடற இந்த நாள்லயே முக்கியமான ஃபைலை எல்லாம் பிடிஎஃப் ஆக்கி, தனியா ஒரு டிஸ்க்ல வெச்சிருங்க. லிப்ரேஆபீஸ் 4.4ல இருந்து, அதாவது 2015ல இருந்து, அதுல இருக்கற டிராங்கற வரையற புரோகிராமும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்குது. வடிவம் அங்கங்க நகர்ந்துடும், எழுத்து கையில கிடைச்சுடும். அதை கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடு ஆக்கி வெச்சா இன்னும் நல்லது.

திருச்சி வாசகர், ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்: 1993ல டர்போ பாஸ்கல்ங்கற புரோகிராம் எழுதற சாஃப்ட்வேர்ல நானே எழுதின மார்க் லிஸ்ட் புரோகிராம் வெச்சிருக்கேன். எக்ஸ்பி மெஷின்ல போட்டப்பவே "ரன்டைம் எரர் 200"னு சொல்லி நின்னுடுச்சு. லினக்ஸ்ல ஓட்ட வழி உண்டா?

உண்டு ஐயா. நீங்க எழுதினதுல தப்பு எதுவும் இல்ல. டர்போ பாஸ்கல்ல சிஆர்டின்னு ஒரு யூனிட் இருக்கே, அது புரோகிராம் ஆரம்பிக்கும்போதே மெஷின் எவ்வளவு வேகம்னு அளக்க ஒரு கடிகாரத் துடிப்புக்குள்ள, அதாவது சுமார் 55 மில்லிசெகண்ட்ல, எத்தனை சுத்து சுத்த முடியுதுன்னு எண்ணி 55ஆல வகுக்கும். அந்தக் காலத்து மெஷினுக்கு அது சின்ன எண். மெஷின் வேகம் ஏற ஏற ஈவு 65535ஐத் தாண்டிடுச்சு, 16 பிட்ல அடங்கல, பிராசஸர் அதை வகுத்தல் பிழைன்னு சொல்லிடுச்சு. அதான் 200.

மின்ட்ல டாஸ்பாக்ஸ் போடுங்க, அது பழைய மெஷினையே வேகத்தோட சேர்த்து நடிச்சுக் காட்டும். உங்க புரோகிராம் மாதிரி ரியல் மோடுங்கற பழைய டாஸ் முறைல ஓடறதுக்கு சாதாரணமா 3000 சைக்கிள்ங்கற குறைஞ்ச வேகம்தான் கொடுக்கும், அதனால எரர் வராது. யாராவது செட்டிங்ல மேக்ஸ்னு மாத்தி வெச்சிருந்தா கன்ட்ரோல் எஃப்11 அழுத்தி குறைச்சுட்டு புரோகிராமைத் திரும்ப ஓட்டுங்க. பிரிண்ட் எடுக்கணும்னா சாதா டாஸ்பாக்ஸ்ல அந்த வசதி இல்ல, டாஸ்பாக்ஸ்-எக்ஸ்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுல பிரிண்டருக்குப் போறதை ஃபைலா பிடிச்சுக்கலாம். சோர்ஸ் ஃபைல் கையில இருக்கா ஐயா? இருந்தா ஃப்ரீ பாஸ்கல்ல போட்டு கம்பைல் பண்ணிப் பாருங்க, டர்போ பாஸ்கல் நடைக்குன்னே அதுல ஒரு மோடு இருக்கு, கொஞ்சம் திருத்தினா லினக்ஸ்லயே நேரா ஓடும்.

ஈரோடு வாசகர்: கணக்கு சாஃப்ட்வேர் வைன்ல இன்ஸ்டால் ஆகுது, ஆனா லைசன்ஸுக்காக கொடுத்த யூஎஸ்பி லாக்கை சொருகினாலும் "லாக் இல்ல"ங்குது. ஆடிட்டிங் நேரம், உடனே சொல்லுங்க.

இது மேல சொன்ன ஹார்டுவேர் கதைதான். அந்த லாக்கோட பேச விண்டோஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ள உக்கார்ற டிரைவர் வேணும், அந்த மாதிரி டிரைவர் வைன்ல பெரும்பாலும் வேலை செய்யாது, செட்டிங்கை மாத்திக்கிட்டே இருந்தா நேரம்தான் வீணாகும். கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டற விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதுக்குள்ள உங்க லைசன்ஸ் இருக்கற பழைய விண்டோஸை ஏத்தி, யூஎஸ்பி மெனுல லாக்கை டிக் பண்ணி உள்ள அனுப்புங்க. மெனுல யூஎஸ்பி எதுவுமே தெரியலைன்னா உங்க யூசரை விபாக்ஸ்யூசர்ஸ் குரூப்புல சேத்துட்டு லாக்அவுட் பண்ணி வாங்க, பெரும்பாலும் அதுதான் காரணமா இருக்கும். பழைய விண்டோஸ்ங்கறதால அதுக்கு நெட் இணைப்பை மட்டும் துண்டிச்சு வெச்சிருங்க.

கோவை வாசகி: அப்பா 1996ல வாங்கின சிடி ஒண்ணு, என் விண்டோஸ் 11 லேப்டாப்ல ஓடவே மாட்டேங்குது, தோழியோட லினக்ஸ்ல வைன் போட்டா ஓடுது. இது எப்படி?

பழைய காலத்து 16 பிட் புரோகிராம் அது. 64 பிட் விண்டோஸ்ல 16 பிட்டை ஓட்டற பகுதியே கிடையாது, விண்டோஸ் 11 கம்ப்யூட்டருக்கு 64 பிட்ல மட்டும்தான் வருது. வைன்ல அந்தப் பகுதியை இன்னும் வெச்சிருக்காங்க. சிடி கீறல் விழறதுக்குள்ள அதை ஐஎஸ்ஓ ஃபைலா, அதாவது முழு சிடியும் ஒரே ஃபைலா, காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. அப்புறம் அந்த ஐஎஸ்ஓவை மவுன்ட் பண்ணி, அதாவது ஒரு ஃபோல்டர் மாதிரி திறந்து வெச்சு, வைன் கான்ஃபிகரேஷன்ல டிரைவ்ஸ் பக்கத்துல அந்த ஃபோல்டரைக் காட்டி, வகைங்கற இடத்துல சிடி-ராம்னு தேர்ந்தெடுங்க, "சிடியைப் போடு"ன்னு கேக்காது.