ஈயக் கோடுகள் ஏன்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்சில் உள்ள ஷார்த்ர் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். அந்த நீலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஆடையின் குறுக்கே, வானத்தின் நடுவே, எங்கும் கறுப்புக் கோடுகள். பெரிய கண்ணாடியாக வைத்து, கோடு இல்லாமல் வரைந்திருக்கக் கூடாதா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

அவை கண்ணாடித் துண்டுகளை இணைத்துப் பிடிக்கும் ஈயப் பட்டைகள். அந்த ஜன்னல்களில் நீலமும் சிவப்பும் உலையிலேயே கண்ணாடிக்கு ஏறிய நிறங்கள். தூரிகையால் தீட்டியது கண், மூக்கு, துணி மடிப்பு போன்ற கருங்கோடுகளை மட்டுமே. அதனால் நிறம் மாறும் இடத்தில் துண்டும் மாறியாக வேண்டும். ஒரே நிறத்துக்குள்ளும் கோடு ஓடுகிறதே என்பீர்கள். அங்கேதான் வெட்டுபவரின் கை வருகிறது.

கண்ணாடியை வெட்டுவது என்கிறோமே தவிர, நடப்பது உடைப்புதான். சின்ன எஃகுச் சக்கரம் பதித்த கருவியை மண்ணெண்ணெயில் தொட்டு இழுத்தால், பட்டுத் துணி கிழிவதுபோல் சீரான ஓசை வர வேண்டும். ஒரே இழுப்பு. அதே கீறலில் இரண்டாம் முறை ஓட்டினால் சக்கரமும் கெடும், கண்ணாடியும் தன் போக்கில் உடையும். பிறகு கீறலின் இரு புறமும் கட்டைவிரல்களை வைத்து, அடியில் மடக்கிய விரல்களால் தாங்கி, வெளிப்பக்கமாகத் திருப்பினால் 'டக்'கென்று பிரியும். நேர்க்கோட்டுக்கு இது போதும். உள்வளைவுதான் கையைச் சோதிக்கும். பிறைநிலாவின் உட்புறத்தை ஒரே கீறலில் எடுக்கப் போனால், விரிசல் கோட்டை விட்டு விலகிப் பாய்ந்து கொம்பை முறித்துவிடும். ஆழமில்லாத பிறை ஒன்று, சற்று ஆழமாக இன்னொன்று என்று தோல் தோலாக எடுத்து, மிச்சத்தைக் குறட்டால் கொறிக்க வேண்டும். 'ட' எழுத்தின் உள்மூலையைக் கைவெட்டில் எடுக்க எனக்குத் தெரிந்து வழியில்லை. முயன்றால் மூலையிலிருந்து விரிசல் ஓடும். அங்கே இரண்டு துண்டாகப் பிரித்து நடுவில் ஈயம் வைப்பதே முறை.

ஷார்த்ர் ஜன்னல்களில் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவானவை. அன்று எஃகுச் சக்கரம் கிடையாது. தியோஃபிலஸ் என்ற துறவி 12ஆம் நூற்றாண்டில் எழுதிய செய்முறையைப் பாருங்கள். சுண்ணம் பூசிய பலகையில் படம் வரைந்து, அதன்மேல் கண்ணாடியை வைத்துக் கோட்டைப் பிரதியெடுக்கிறார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை விளிம்பில் வைக்கிறார்கள். விரிசல் விழுந்ததும் இரும்பைக் கோட்டின் வழியே இழுக்க, விரிசல் பின்தொடர்கிறது. கண்ணாடி கெட்டியாக இருந்து விரிசல் விழாவிட்டால், விரலில் எச்சில் தொட்டு அந்த இடத்தில் வைக்கச் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. அதன்பின் முனை வளைந்த ஓர் இரும்பால் விளிம்பு முழுவதையும் கொறித்து வடிவுக்குக் கொண்டுவருகிறார்கள். இப்படி வெட்டுகிற கைக்கு எந்தக் கோடு உடையும், எந்தக் கோடு உடையாது என்பது பலகையில் வரையும்போதே தெரிந்திருக்க வேண்டும். ஈயக் கோடு ஓவியத்துக்குள் பிறந்தது, அதன்மேல் விழுந்ததல்ல.

எல்லாக் கோடுகளுக்கும் நான் வாதாட மாட்டேன். பழைய ஜன்னல்களில் பிற்காலத்தில் உடைந்த துண்டுகளை இணைக்கச் செருகிய ஈயமும் உண்டு. ஒரு முகத்தின் நடுவே காரணமின்றிக் கோடு ஓடினால் பெரும்பாலும் அது அந்த வகை. அது உங்களை உறுத்துவது நியாயமே.

படத்தை இன்னொரு முறை பெரிதாக்கி, முகவாயின் அடியில் ஓடும் கோட்டைப் பாருங்கள். அந்த ஈயத்துக்குள், எலி கொறித்த அப்பளத்தின் ஓரம்போல ஒரு விளிம்பு ஒளிந்திருக்கும். பழுதுபார்க்க ஈயத்தைப் பிரிப்பவர்கள் பழைய துண்டை அடையாளம் காண உதவும் தடயங்களில் அதுவும் ஒன்று.