குருத்துப்பூச்சியை ஒழித்துவிட்டால் என்ன?

ஐயா, வணக்கம்.

பிஜித் தீவில் தென்னையைத் தின்ற அந்துப்பூச்சி ஒன்றை ஈயை விட்டே ஒழித்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். அதே மாதிரி நம் நெல்லுக்கு வரும் குருத்துப்பூச்சியையும் ஒரேயடியாக ஒழித்துவிட்டால் என்ன? இந்தச் சம்பாவில் எனக்குப் பாதி வயல் வெண்கதிர். நீங்கள் அந்தப் பிஜிப் பூச்சிக்காக வருத்தப்பட்டதைப் படிக்கக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

செ., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள செ.,

எரிச்சல் நியாயம்தான். நானும் வெண்கதிரைப் பிடித்து இழுத்துப் பார்த்தவன். அடியில் அரித்துப்போய் உருவிக்கொண்டு கையோடு வரும், கதிரில் ஒரு மணி இருக்காது. ஆனால் நீங்கள் கேட்பது நடக்காது.

பிஜிப் பூச்சியின் பெயர் லெவுவானா. நீலமாக மினுங்கும் சின்னப் பூச்சி, அந்தப் பேரினத்தில் அது ஒன்றுதான். விட்டி லெவு தீவும் பக்கத்தில் சில தீவுகளும், அவ்வளவுதான் அதன் உலகம். கீற்றைச் சுரண்டித் தின்று கொப்பரைத் தொழிலையே ஆட்டம் காண வைத்தது. 1925ல் மலாயாவிலிருந்து ஒரு ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். புழுவின் மேல் முட்டையிடும், குஞ்சு உள்ளே போய்த் தின்னும். சில வருஷத்தில் லெவுவானா கண்ணில் படவே இல்லை. இன்று ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் 'அற்றுப்போனது'. எங்காவது ஒளிந்திருக்கலாம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பூச்சியும் அந்த ஈயால்தான் போனதோ என்று ஒரு சந்தேகம், என் வருத்தம் பாதி அதற்காக.

குருத்துப்பூச்சி அப்படியா? பாகிஸ்தானிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை நெல் நட்ட இடமெல்லாம் அதற்கு வீடு. பட்டியலில் அதன் பெயரை யாரும் தேடக்கூட மாட்டார்கள். உலகத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அந்துப்பூச்சி இனங்கள், அதில் பட்டியலுக்காக மதிப்பிட்டது சொற்பம். அந்த ஈ மாதிரி ஒட்டுண்ணி விட்டால் எல்லாம் லெவுவானா ஆகிவிடாது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையில் கருந்தலைப்புழுவுக்கு விடுகிறார்களே, குறையும், மறுபடி வரும்.

சரி, வயலுக்கு வருவோம். மஞ்சள் றெக்கையில் ஆளுக்கொரு கறுப்புப் பொட்டு வைத்த குருத்துப்பூச்சிப் பெட்டை, நாற்றின் நுனிப்பக்கமாக முட்டையிட்டு, தன் வால்மயிரையே எடுத்துப் போர்த்திவிட்டுப் போகும். அதனால்தான் எங்கள் அப்பா நாற்று முடியின் நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொல்வார், கிள்ளியதை அடுப்பில் போடுவார். நான் போடுவதில்லை. ஓட்டை போட்ட பானையில் போட்டு, பானையைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, வரப்பில் வைத்துவிடுகிறேன். முட்டைக்குள் ஏற்கெனவே குடியேறிய ஒட்டுண்ணிக் குளவி இருந்தால் ஓட்டை வழியாகப் பறந்து வயலுக்குள் போய்விடும், பொரிக்கிற புழு தண்ணீரைத் தாண்டாது. குளவி எள்ளில் பாதிகூட இருக்காது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நடவுக்கு அப்புறம் நூற்றுக்குப் பத்துக் குருத்து காயும்வரை மருந்துக் கடைப் பக்கம் போகாதீர்கள், அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.