நெஞ்சுவலி எந்தக் காவலில் வரும்?

கேள்வி: சென்னைச் செய்தியில் ஒருவரை 'நீதிமன்றக் காவலில் அடைத்தார்கள்' என்கிறார்கள். மறுநாளே 'போலீஸ் காவலில் எடுக்க மனு' என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நடுவில் எதற்கு நெஞ்சுவலி வருகிறது?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: நெஞ்சுவலியிலிருந்தே தொடங்குவோம், அதில்தான் விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சில அரசியல்வாதிகளுக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பதே கைதாகும்போதுதான் தெரியவரும். நம்ம மலேசியாவில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களுக்கு நெஞ்சு உறுதி, கழுத்துதான் பலவீனம்; முதல் நாள் விருந்தில் சிரித்துக்கொண்டிருந்தவர் மறுநாள் கோர்ட் வாசலில் கழுத்துப்பட்டையோடு இறங்குவார். (2023 ஜூனில் கைதான அப்போதைய தமிழ்நாட்டு அமைச்சர் செந்தில் பாலாஜியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவருக்கு பைபாஸே நடந்தது.)

சரி, சட்டம். இந்தியாவில் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் போலீசிடமே ஒப்படைத்தால் போலீஸ் காவல்: லாக்கப், விசாரணை, மொத்தம் 15 நாளுக்கு மேல் கிடையாது. ஜெயிலுக்கு அனுப்பினால் நீதிமன்றக் காவல். அங்கே போய் விசாரிக்க கோர்ட் அனுமதி வேண்டும். வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. போலீஸ் காவலின் அந்த 15 நாள், கைதான முதல் 15 நாளுக்குள்ளேயே முடிந்தாக வேண்டும் என்பதுதான் பழைய கணக்கு, அதனால் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் போலீசின் நாள் கரைந்துவிடும், நெஞ்சுவலியின் மகிமை அங்கேதான். 2023 ஆகஸ்டில் செந்தில் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் 15 நாளைத் தாண்டியும் அதைப் பிரித்துப் பிரித்து எடுக்கலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது ஏறிவிட்டது. வலிக்கு மவுசு போச்சு.

அதற்காக ஜெயில் என்றால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் நிலையத்தில் அடிபட்ட அப்பாவும் மகனும் நீதிமன்றக் காவலில் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன பிறகுதான் இறந்தார்கள். மாஜிஸ்திரேட் தலை நிமிர்ந்து எதிரில் நிற்பவனைப் பார்க்காவிட்டால் எந்தக் காவலும் ஒன்றுதான்.

இதெல்லாம் நமக்கு மனப்பாடம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் இலைக்கு ஒரு சென்னை வக்கீல் கிடைப்பார். ஆனால் நம்ம பையனை ராத்திரி பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று கேளுங்கள், ரசத்தைப் பார்ப்பார். இங்கேயும் 24 மணி நேரம்தான், மலேசிய அரசியலமைப்பின் 5ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அப்புறம் மாஜிஸ்திரேட் உத்தரவோடு விசாரணைக்கான தடுப்புக் காவல் (ரிமாண்ட்): 14 வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் 4, பிறகு 3 நாள், 14 வருஷமோ அதற்கு மேலோ என்றால் 7, பிறகு 7. விசாரிக்கும் முன்பே வக்கீலுக்கும் வீட்டுக்கும் தகவல் சொல்ல விட வேண்டும் என்பது பொது விதி. 2009இல் குகன் என்ற இளைஞர் சுபாங் ஜெயா போலீஸ் காவலில் இறந்த பிறகும் இதைத் தெரிந்துகொள்ளாமல் நாம் 15 நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எல்லாம் டிவி சீரியல் பார்த்துக் கற்ற சட்டம். இப்படி எழுதினால் ஈப்போ அம்மா ஒருவர் வழக்கம்போல் என்னைத் திட்டிக் கடிதம் போடுவார், போடட்டும். அம்மா, நீங்கள் பார்க்கிற சீரியலில் கதாநாயகியின் அண்ணன் லாக்கப்பில் உட்கார்ந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் மாஜிஸ்திரேட் வந்தபாடில்லை. நம்ம சொஸ்மா என்கிற கடுமையான பாதுகாப்புச் சட்டத்திலேயே போலீஸ் விசாரணைக்கு 28 நாள்தான்.