யேகோவாவா, யாவேயா, கர்த்தரா?
வாசகர் கேள்வி – பதில்

எபிரேய மறைநூலில் இறைவனுக்கு வரும் பெயர்களைப் பற்றி இம்மாதம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் வேதாகமத்தில் ‘கர்த்தர்’ என்று இருக்கும் இடத்தில் அம்மா வீட்டுத் திருவிவிலியத்தில் ‘ஆண்டவர்’ என்று இருக்கிறது. இரண்டும் ஒரே எபிரேயச் சொல்தானா? (வாசகி, நாகர்கோவில்)

நீங்கள் பார்த்த வசனத்தில் ஒன்றுதான். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி என்று எடுத்துக்கொண்டால் சிக்கிக்கொள்வீர்கள்.

எபிரேயத்தில் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எழுத்தாலான சொந்தப் பெயர் ஒன்று. தெய்வத்தைக் குறிக்கும் பொதுச்சொல் ‘ஏலோஹிம்’. எசமானர் என்று பொருள்படும் ‘அதோனாய்’. சீர்திருத்தச் சபையார் பழகிய 1871ஆம் ஆண்டு மரபின் மொழிபெயர்ப்பில் இவை முறையே கர்த்தர், தேவன், ஆண்டவர். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ஆண்டவர், கடவுள், தலைவர். ஆக, ‘ஆண்டவர்’ என்ற தமிழ்ச்சொல் ஒரு நூலில் அதோனாய்க்கு நிற்கிறது, இன்னொன்றில் நான்கெழுத்துப் பெயருக்கு நிற்கிறது. இரு வீட்டார் சேர்ந்து வேதம் வாசிக்கும்போது வரும் குழப்பத்தில் பாதி இதனால்தான்.

சங்கீதம் 110:1ஐ இரண்டு நூலிலும் திறந்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் “கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி”. மற்றதில் “ஆண்டவர் என் தலைவரிடம்”. முதலில் வருவது நான்கெழுத்துப் பெயர். இரண்டாவது ‘அதோனாய்’கூட இல்லை, ‘அதோனி’. மெய்யெழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே, உயிர்க்குறிதான் வேறு. ‘அதோனி’ மனிதரை அழைக்கும் சொல். ஆதியாகமம் 18:12இல் சாராள் தன் கணவனை அப்படித்தான் சொல்கிறாள். இந்த வித்தியாசத்தைத் தமிழ் காட்டாது; எபிரேய மூலத்தில்தான் பார்க்க முடியும்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்தக் கணக்கு பழைய ஏற்பாட்டுக்கு மட்டும். புதிய ஏற்பாட்டில் ‘கர்த்தர்’ என்பது ‘கூரியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பு.

கேள்வி: ‘யேகோவா’ என்பது பிழையான உச்சரிப்பு, ‘யாவே’தான் சரி என்கிறார்களே? (வாசகர், திருச்சி)

எபிரேயத்தை வெறும் மெய்யெழுத்தில் எழுதினார்கள். தமிழில் ‘ப்ட்ம்’ என்று மட்டும் எழுதினால் படமா, பாடமா, பீடமா என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா, அதைப் போல. நான்கெழுத்துப் பெயரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் யூதர்களிடம் நின்றுபோய், அந்த இடம் வந்தால் ‘அதோனாய்’ என்று வாசித்தார்கள். ஏறத்தாழ 6 முதல் 10ஆம் நூற்றாண்டுவரை மசோரெத்தியர் என்னும் அறிஞர்கள் மறைநூலுக்கு உயிர்க்குறி இட்டபோது, எழுத்தைத் தொடாமல், “இங்கே அதோனாய் என்று வாசி” என்று நினைவூட்ட அதோனாயின் உயிர்களை அந்த நான்கு எழுத்தோடு சேர்த்தார்கள். முதல் ‘அ’ மட்டும் யோத் எழுத்தின்கீழ் வரும்போது எபிரேய இலக்கணப்படி குறுகிய ‘எ’ ஆகும். எழுத்து ஒரு சொல்லுடையது, உயிர் இன்னொரு சொல்லுடையது. இரண்டையும் கூட்டி ஒரே சொல்லாக லத்தீன் எழுத்தாளர்கள் வாசித்ததில் பிறந்ததே ‘யெஹோவா’, தமிழில் ‘யேகோவா’.

இதற்குச் சான்று மறைநூலுக்குள்ளேயே இருக்கிறது. எசேக்கியேலில் அடிக்கடி “கர்த்தராகிய ஆண்டவர்” என்று வாசிக்கிறீர்களே, அங்கே மூலத்தில் ‘அதோனாய்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்திலேயே நான்கெழுத்து. ‘அதோனாய் அதோனாய்’ என்று இரட்டித்து வாசிக்காதிருக்க, அந்த இடங்களில் ‘ஏலோஹிம்’ என்ற சொல்லின் உயிர்களை இட்டார்கள். கூட்டி வாசித்தால் ‘யெஹோவி’ என்று வரும். யெஹோவா உண்மை உச்சரிப்பு என்றால் யெஹோவியும் உண்மையாக வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை.

‘யாவே’ அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம். சமாரியர்கள் ‘யாவே’ போன்ற ஒலியில் சொல்வதாக 5ஆம் நூற்றாண்டில் தியோதொரேத் என்ற கிறிஸ்தவ ஆயர் கிரேக்கத்தில் எழுதிவைத்தார். ‘யா’, ‘யாஹூ’ என்ற சுருக்க வடிவங்கள் ஆட்பெயர்களில் இன்றும் உள்ளன. இவை ‘யாவே’க்கு வலுவான ஆதாரம், முடிந்த தீர்ப்பு அல்ல. கத்தோலிக்கருக்கு ஒரு நடைமுறைச் செய்தி: திருவழிபாட்டிலும் அதில் பாடும் பாடல்களிலும் இந்தப் பெயரை உச்சரிக்க வேண்டாம் என்று வத்திக்கான் 2008இல் அறிவுறுத்தியது. ‘யேகோவா’ என்று பல தலைமுறையாக மன்றாடி வந்தவர்களைப் பிழை செய்தவர்கள் என்று திட்டுவதும் தேவையற்றது. எந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்து சொன்னால் போதும்.

கேள்வி: ‘ஏலோஹிம்’ பன்மைச் சொல் என்பதால் அது திரித்துவத்தை (ஒரே கடவுளில் மூன்று ஆட்கள் என்ற போதனையை) காட்டுகிறதா? (வாசகர், பாளையங்கோட்டை)

வடிவம் பன்மை, ‘-இம்’ ஆண்பால் பன்மை விகுதி. ஆனால் ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் அதற்கு வரும் வினை ‘பாரா’, ஒருமை. பன்மை என்றால் ‘பார்ஊ’ என்று வர வேண்டும். ஆதியாகமம் 20:13 போன்று பன்மை வினை வரும் இடங்கள் மிகச் சில.

தமிழருக்கு இது புரியாத விஷயம் இல்லை. ‘ஆசிரியர்’ என்பதில் உள்ள ‘அர்’ பலர்பால் விகுதி. ஒரே ஆசிரியரை மரியாதையாகச் சொல்கிறோம். நாம் வினையையும் ‘வந்தார்’ என்று மாற்றுகிறோம், எபிரேயம் பெயரை மட்டும் உயர்த்தி வினையை ஒருமையில் விடுகிறது. ஏசாயா 19:4இல் ஒரு கொடிய எசமானுக்கே ‘அதோனிம்’ என்ற பன்மை வடிவம் வருகிறது. 1 சாமுவேல் 5:7இல் பெலிஸ்தர் தங்கள் தெய்வமான தாகோனையும் இதே ஏலோஹிம் சொல்லால்தான் சொல்கிறார்கள். தாகோனுக்குள் பலர் இருப்பதாக யாரும் பொருள் கொள்வதில்லை. திரித்துவப் போதனை நிற்பது புதிய ஏற்பாட்டின்மேல். அதை இந்த விகுதியில் தொங்கவிட்டால் எபிரேயம் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் அறுத்துவிடுவார்.

கேள்வி: யேகோவாயீரே என்றால் ‘தருகிறவர்’ என்றும், யேகோவா ராப்பா என்றால் ‘குணமாக்குகிறவர்’ என்றும் நாட்காட்டியில் போட்டிருக்கிறது. சரியா? (வாசகி, யாழ்ப்பாணம்)

‘யிரே’ என்ற வினைக்கு நேர்ப்பொருள் ‘பார்ப்பார்’. பார்ப்பது எப்படித் தருவதாகும் என்று பிற மொழியினர் விளக்கிக்கொண்டிருக்க, நமக்கு ஒரே சொல்லில் முடிகிறது: ‘பார்த்துக்கொள்வார்’. ஆதியாகமம் 22:8இல் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதையே போட்டார்கள்: “ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார்”. இதைவிட நெருக்கமாக மொழிபெயர்க்க முடியும் என்று தோன்றவில்லை. இன்னொன்று, 14ஆம் வசனப்படி அது அந்த இடத்துக்கு ஆபிரகாம் வைத்த பெயர். ‘யேகோவாநிசி’யும் அப்படித்தான், பலிபீடத்தின் பெயர்.

‘ராப்பா’ அகராதியில் உள்ள வேர்ச்சொல். யாத்திராகமம் 15:26இல் இருப்பது ‘ரோஃபெகா’, ‘உன் பரிகாரி’, அதாவது உன்னைக் குணமாக்குகிறவர், என்று பொருள். அந்த ‘உன்’ முக்கியம். நாட்காட்டியில் அது விழுந்துபோயிற்று.

கேள்வி: யூத எழுத்தர் தோராவை (மோசேயின் ஐந்து நூல்களை) எழுதும்போது கடவுள் பெயரில் பிழை வந்தால் என்ன செய்வார்? (வாசகர், மதுரை)

மற்றச் சொல்லில் பிழை என்றால் மை காய்ந்தபின் கத்தியால் சுரண்டித் திருத்தலாம். இறைப்பெயரைச் சுரண்டக் கூடாது. உபாகமம் 12:3-4 இதற்கு அடிப்படை. வேறு சொல் வர வேண்டிய இடத்தில் பெயரை எழுதிவிட்டால், அந்தத் தோல் தாளையே சுருளிலிருந்து பிரித்தெடுத்துப் புதிதாக எழுத வேண்டும். இதற்காகவே, ஒவ்வொரு முறை பெயரை எழுதுமுன்னும் “திருப்பெயரின் புனிதத்துக்காக எழுதுகிறேன்” என்று வாயால் சொல்லி, மனத்தை நிறுத்தி எழுதுகிறார். ஒதுக்கிய தாளைக் குப்பையில் போடுவதில்லை. ‘கெனிசா’ என்ற அறையில் வைத்துப் பிறகு புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிப் புதைக்காமல் சேர்ந்தவைதான் 1896-97இல் கேம்பிரிட்ஜுக்குப் போன ஏராளமான ஏடுகள்.

எண்களில்கூட இந்தக் கவனம் உண்டு. எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். யோத் 10, ஹே 5. 15ஐ யோத்-ஹே என்று எழுதினால் ‘யா’ என்ற பெயராகிவிடும். எனவே தேத் (9), வாவ் (6) என்று எழுதுகிறார்கள். ஷெவாத் மாதம் 15ஆம் நாள் வரும் மரங்களின் விழாவான ‘தூ பிஷ்வாத்’தில் உள்ள ‘தூ’ அந்த ஒன்பதும் ஆறும்தான்.

கேள்வி: அல்லேலூயாவில் இறைப்பெயர் இருக்கிறதா? (வாசகி, தூத்துக்குடி)

இருக்கிறது. ‘ஹல்லெலூ’ என்றால் ‘துதியுங்கள்’, பலரை ஏவும் வினை. ‘யா’ பெயரின் சுருக்கம். முதல் ‘ஹ’ கிரேக்கம் வழியாக வந்ததில் தேய்ந்தது. ஏசாயா, எரேமியா, எலியா ஆகிய பெயர்களின் கடைசியில் இருப்பதும் அதே ‘யா’.