பொருத்தம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 32. மேட்ரிமோனி தளத்தில் அறிமுகமான ஒரு பெண்ணுடன் எட்டு மாதமாகப் பழகுகிறேன். ஜாதகம் பொருந்துகிறது. இருவரும் எழுதிய ஆளுமைச் சோதனையில்தான் பல இடங்களில் வேறுபடுகிறோம். இவர்தான் என்று எப்படி உறுதி செய்வது? அறிவியல் ஏதாவது சொல்கிறதா?
வி.

அன்புள்ள வி.,

சொல்கிறது. உளவியலாளர் சமந்தா ஜோயலும் உடன் ஆய்வாளர்களும் 43 ஆய்வுகளின் தரவைச் சேர்த்து, 11,000க்கும் மேற்பட்ட ஜோடிகளைக் கணினி வழியாக அலசி 2020இல் வெளியிட்டார்கள். ஒருவருடைய குணம், வயது, வருமானம் காட்டியதைவிட, அந்த உறவை அவர் எப்படி உணர்கிறார் என்பதே அவருடைய மனநிறைவை அதிகம் காட்டியது. அதிலும் முன்னால் நின்றது, துணைவர் இந்த உறவில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்று அவர் நம்புவது. எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. எனக்கு என் சித்தியின் வாழ்க்கை போதும்.

சித்தப்பா பரேலில் மில் தொழிலாளி. 1982 வேலைநிறுத்தத்தோடு வேலை போயிற்று. தாராவியில் ஒற்றை அறை, மூன்று பிள்ளைகள். சித்திக்குக் கோயில், விரதம். அவருக்குச் சாமியே கிடையாது. அவள் ஓயாமல் பேசுவாள், அவர் நாளுக்கு நாலு வார்த்தை. எந்தச் சோதனையும் அவர்களைச் சேர்த்து வைத்திருக்காது. அந்த மனிதர் நடுராத்திரி எழுந்து மாவாட்டுவார், விடிந்ததும் இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்கப் போவார். "திருநெல்வேலிக்கே போயிடலாம்னு தோணலையா சித்தி?" என்று பின்னாளில் கேட்டேன். "அவரு என்னய விட்டுட்டுப் போயிருவாருன்னு ஒருநாளும் நெனச்சதில்லய்யா. அப்புறம் நான் எங்க போக?" என்றாள்.

ஜாதகத்தை உங்கள் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். சோதனைத் தாளைக் கிழித்துப் போடுங்கள். எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். அந்தப் பெண் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! எட்டு மாதமாக நீங்கள் அவரை அளந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் தயங்கும் ஒவ்வொரு வாரமும் உங்கள் மேல் அவருக்கிருக்கும் நம்பிக்கையிலிருந்துதான் கழிகிறது. நீங்கள் கெட்டவர் இல்லை, பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை எனக்கு எழுதி என்ன பயன்? அவரிடம் போய்ச் சொல்லுங்கள். உங்களுக்கு அவர் வேண்டுமென்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் அவருக்கு நீங்கள் வேண்டுமா என்று கேளுங்கள்.